பழைய காடியில் ஹீட்டர் வால்வு மாற்றுவது: சுங்கை சிப்புட் பட்டறையிலிருந்து பதில்கள்

செம்மோரிலிருந்து ஒருவர்: அண்ணே, தாத்தா தோட்டத்துக் கிராணியாக இருந்தபோது வாங்கிய மோரிஸ் மைனர். ஹீட்டர் வால்வில் தண்ணீர் சொட்டுகிறது. நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு? அடைத்துவிடலாமா?

அடைக்கலாம், ஆனால் இரண்டு முனையையும் அடைக்க வேண்டும். தண்ணீர் சிலிண்டர் ஹெட்டில் உள்ள வால்வு வழியாக ஹீட்டருக்குப் போய், ரேடியேட்டரின் கீழ் ஹோஸில் திரும்பிச் சேருகிறது. ஹெட்டுக்கும் வாட்டர் பம்புக்கும் நடுவே குட்டையாக ஒரு பைபாஸ் ஹோஸ் இருக்கும், அதில் மட்டும் கை வைக்காதீர்கள். தெர்மோஸ்டாட் (இஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத அடைப்பு) மூடியிருக்கும்போது தண்ணீர் சுற்றுவது அந்த ஹோஸ் வழியாகத்தான்.

என்னைக் கேட்டால் புது வால்வே போடுங்கள். தாத்தா காடி முழுசாக இருக்கட்டும். மழை இரவில் கேமரன் மலை ஏறும்போது கண்ணாடியில் பனி படர்ந்தால் அந்த ஹீட்டர்தான் கைகொடுக்கும்.

அவரே: சரி அண்ணே, நானே மாற்றலாமா?

தாராளமாக. இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹெட்டுக்குக் கீழே இறங்கும் அளவுக்குத் தண்ணீரை வடியுங்கள். வால்வைப் பிடித்திருப்பது இரண்டே நட்டு. ஆனால் இத்தனை வருடத் துரு! முதல் நாள் இரவே துரு எண்ணெய் விட்டு வையுங்கள். மறுநாள் கால் சுற்று தளர்த்தி, கால் சுற்று முடுக்கி, மறுபடி தளர்த்துங்கள். அவசரப்பட்டால் நட்டு ஏறியிருக்கும் ஸ்டட் ஆணி ஹெட்டோடு முறியும், அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஹோஸைப் பிடித்து இழுக்கவே கூடாது. ஹீட்டரின் பித்தளைக் குழாய் தகடு மாதிரி மெல்லியது, ஈயம் வைத்துப் பற்றியது. ஆரம்ப காலத்தில் நான் முறுக்கி இழுத்து, பற்றிய இடம் விட்டுப்போய், ஹீட்டரையே வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. பிளேடால் ஹோஸை நீளவாக்கில் கீறி, பலாச்சுளையை உரிப்பது போல் விரித்து எடுங்கள். ஹெட்டில் ஒட்டியிருக்கும், கசிவைத் தடுக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டுப் புதியதை வையுங்கள்.

முடித்ததும் வால்வைத் திறந்து வைத்து இஞ்சினை ஓட விடுங்கள். இரண்டு ஹோஸும் சூடானால் தண்ணீர் சுற்றுகிறது. ஒன்று மட்டும் சூடு என்றால் உள்ளே காற்று நிற்கிறது.

தாப்பாவிலிருந்து ஒரு தம்பி: மெர்சிடிஸ் 123. ஏர்கோன் போட்டாலும் அனல் காற்றுதான் வருகிறது. கேஸ் இரண்டு முறை ஏற்றியாயிற்று.

தம்பி, இனி கேஸுக்குக் காசு போடாதீர்கள். அந்த வகையில் பல காடிகளுக்கு மின்சார ஹீட்டர் வால்வு. கரண்டு வந்தால்தான் அது மூடும், வராவிட்டால் திறந்தே கிடக்கும். முதலில் பியூஸைப் பாருங்கள். அது சரி என்றால் வால்வின் மேல் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வை வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒரு சின்னக் கிழிசல் போதும், கொதிநீர் ஓயாமல் ஹீட்டருக்குள் ஓடும். பல நேரம் உள்பாகத்தை மட்டும் மாற்றினாலே சரியாகிவிடும்.

கூலிமிலிருந்து ஓர் அக்கா: காலடிப் பாய் நனைந்திருக்கிறது. வால்வா, ஏர்கோனா?

விரலால் தொட்டுப் பாருங்கள் அக்கா. வெறும் தண்ணீர் என்றால் ஏர்கோன் வடிகால் அடைத்திருக்கும். வழுவழுப்பும் இனிப்பு வாசனையும் இருந்தால் அது இஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட், ஹீட்டர் பக்கம்தான் கசிவு. வடிக்கும் கூலண்டை வாளியில் பிடித்து உடனே மூடி வையுங்கள். இனிப்புக்காக நாய், பூனை நக்கிவிடும், அது உயிர் எடுக்கும் விஷம்.