அறிவியல் கேள்வி-பதில்: ராக்கெட்டைச் சுமக்கும் தாய் விமானம்

கேள்வி: ராக்கெட்டைப் பெரிய விமானத்தில் சுமந்து சென்று வானத்தில் விடுவித்தால் எரிபொருள் பெருமளவு மிச்சமாகும் என்று படித்தேன். அமெரிக்காவின் ஸ்ட்ராட்டோலாஞ்ச் விமானம் இதற்காகவே கட்டப்பட்டதாம். அப்படியானால் எல்லோரும் இம்முறைக்கு மாறாதது ஏன்?
- கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: மிச்சம் உண்டு, ஆனால் நீங்கள் எண்ணுகிற அளவுக்கு இல்லை. தாழ்வான சுற்றுப்பாதையில் ஒரு செயற்கைக்கோள் நிலைத்திருக்க நொடிக்கு ஏறத்தாழ 7.8 கி.மீ. வேகம் வேண்டும். ஜெட் விமானம் நொடிக்குக் கால் கிலோமீட்டர்தான் பறக்கும் என்பதால், தேவையான வேகத்தில் முப்பதில் ஒரு பங்கைத்தான் அது ராக்கெட்டுக்குத் தர முடிகிறது. அதைவிடப் பெரிய ஆதாயம் காற்று மெலிந்திருப்பது. 12 கி.மீ. உயரத்தில் வளிமண்டல நிறையின் முக்கால் பங்குக்கும் மேல் கீழே தங்கிவிடுவதால் காற்றின் எதிர்ப்பு குறைகிறது. சூடான வாயு வெளியேறும் எஞ்சின் புகைவாயையும் முதல் கட்டத்திலேயே, அதாவது முதலில் எரிந்து கழன்றுவிடும் கீழ்ப்பகுதியிலேயே, அகலமாக வைத்துக்கொள்ளலாம்.

என் கணிப்பில், எரிபொருளைக் காட்டிலும் மதிப்புமிக்கது ஏவும் இடத்தைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரமே. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவங்களுக்கு மேலே சுற்றும் பாதைக்குத் தெற்கு நோக்கிச் செல்லும் ராக்கெட் இலங்கைக்கு மேலே பறக்காதிருக்க வளைந்து போக வேண்டியிருக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளம் அமைவதற்கு அதுவும் ஒரு காரணம். விமானத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. 2012 ஜூன் மாதம் நாசாவின் நூஸ்டார் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியைப் பூமத்தியரேகையை ஒட்டிய பாதையில் சேர்க்க வேண்டியிருந்தபோது, பசிபிக் கடலின் குவாஜலின் தீவிலிருந்து ஒரு பழைய பயணிகள் விமானம் பெகாசஸ் எக்ஸ்எல் ராக்கெட்டை வயிற்றுக்கடியில் கட்டிக்கொண்டு கிளம்பியது. விடுவிக்கப்பட்ட ராக்கெட் ஐந்து நொடிகள் வெறுமனே விழுந்து, அதன் பிறகே தீப்பற்றி மேலேறியது.

ஆனால் சுமார் 23 டன் எடையுள்ள பெகாசஸால் தாழ்வான பாதைக்குக் கொண்டுசெல்ல முடிவது அரை டன்னுக்கும் குறைவான சுமையே. அதைவிடக் கனமானதை அனுப்ப வேண்டுமானால் விமானமும் பெரிதாக வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலன் 2011-இல் ஸ்ட்ராட்டோலாஞ்ச் நிறுவனத்தைத் தொடங்கியது இதற்காகத்தான். கலிபோர்னியாவின் மொஹாவியில் கார்பன் இழையால் உருவான அவ்விமானத்தின் இறக்கை 117 மீட்டர் நீளம். இரட்டை உடல், 28 சக்கரங்கள், பழைய போயிங் 747 விமானங்களிலிருந்து கழற்றிய ஆறு எஞ்சின்கள். இரண்டு உடல்களுக்கும் நடுவே, இறக்கையின் மையத்தில் ராக்கெட் தொங்கும். விமானிகள் வலப்புற உடலில் அமர்வதால், ஓடுபாதையின் நடுக்கோடு அவர்களுக்கு எப்போதும் இடக்கைப் பக்கமாகவே ஓடும். 2019 ஏப்ரல் 13 அன்று அது முதன்முறையாக எழுந்து, இரண்டரை மணி நேரம் பறந்து, பத்திரமாகத் தரையிறங்கியது. பார்க்க பால் ஆலன் இல்லை. ஆறு மாதங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

கேள்வி: அவ்வளவு பெரிய விமானம் ஏன் ஒரு ராக்கெட்டைக்கூடச் சுற்றுப்பாதைக்கு அனுப்பவில்லை?
- அதே வாசகி

பதில்: விமானம் தேறியது; அதற்கேற்ற ராக்கெட் அமையவில்லை. செங்குத்தாக நிற்கும் ராக்கெட் தன் நீளவாக்கில் எடையைத் தாங்கும்படி கட்டப்பட்டது. அதையே படுக்கைவாட்டில் தொங்கவிட்டால் நடுவில் வளைய முற்படும். அதைத் தாங்கும்படி உடலை வலுப்படுத்தினால் எடை கூடும்; எடை கூடினால் விமானத்தால் கிடைத்த ஆதாயம் கரைந்துபோகும். ஸ்பேஸ்எக்ஸ் தன் ஃபால்கன் ராக்கெட்டை மாற்றித் தருவதாக இணைந்து, 2012-இலேயே விலகிக்கொண்டது. பின்னர் வேறு வடிவமைப்புகள் பேசப்பட்டன. இறுதியில் மூன்று பெகாசஸ் ராக்கெட்டுகளைத் தூக்கலாம் என்ற நிலைக்கு வந்தார்கள். அவற்றின் மொத்த எடை 70 டன். விமானமோ 200 டன்னுக்கு மேல் சுமக்கக் கட்டப்பட்டது. ராக்கெட்டின் வடிவம் உறுதியாகுமுன் விமானத்தை முடித்ததே பெரும்பிழை என்று நான் கருதுகிறேன். அந்த இறக்கையை உருவாக்கிய பொறியாளர்களை எண்ணும்போது மனம் வலிக்கிறது.

இதற்கிடையே 2015-இன் இறுதியில் ஃபால்கனின் முதல் கட்டம் தரைக்குத் திரும்பி இறங்கியது. அதன் பிறகு தரையிலிருந்து ஏவும் செலவு குறையத் தொடங்கியது. 747 விமானத்திலிருந்து ராக்கெட்டுகளை ஏவிய வர்ஜின் ஆர்பிட் நிறுவனம் 2023-இல் மூடப்பட்டது. ஸ்ட்ராட்டோலாஞ்ச் நிறுவனம் 2019-இல் கைமாறி, இப்போது டலோன் என்ற ஆளில்லா ஊர்தியை அதே நடு இறக்கையிலிருந்து விடுவிக்கிறது. 2024 டிசம்பரில் அவ்வூர்தி ஒலியைப் போல் ஐந்து மடங்கு வேகத்தைத் தாண்டிப் பறந்து, மறுமுறை பயன்படும்படி ஓடுபாதையில் வந்து இறங்கியது.