ஒன்பது மாதக் குழந்தைக்கு ‘பாசிட்டிவ்’ என்று வந்தால்...

கேள்வி: என் மருமகளுக்கு எச்.ஐ.வி. இருப்பது கர்ப்ப காலத்தில் தெரியவந்தது. அன்றிலிருந்து மாத்திரை சாப்பிடுகிறாள். ஒன்பது மாதப் பேரனுக்கு ஒரு தனியார் ஆய்வகத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ‘பாசிட்டிவ்’ என்று வந்துவிட்டது. தாய்ப்பாலை உடனே நிறுத்திவிடலாமா? என் மகளின் குழந்தையோடு அவனை விளையாட விடலாமா?

பதில்: அம்மா, அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு உங்கள் பேரனுக்கு எச்.ஐ.வி. இருப்பதாக முடிவுகட்ட வேண்டாம். வழக்கமான பரிசோதனை வைரஸைத் தேடுவதில்லை. அதற்கு எதிராக உடலில் உருவாகும் ஆன்டிபாடி என்ற புரதத்தையே தேடுகிறது. தாயின் ஆன்டிபாடிகள் கருவிலேயே நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் சென்று, 18 மாதங்கள் வரைகூட அதன் ரத்தத்தில் தங்கியிருக்கும் என்பதால், தொற்றே இல்லாத குழந்தைக்கும் ஒன்பது மாதத்தில் ‘பாசிட்டிவ்’ வரலாம். இதை விளக்காமல் முடிவை மட்டும் கையில் கொடுத்து அனுப்பியது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இந்த வயதில் தேவைப்படுவது வைரஸின் மரபணுவையே கண்டறியும் பி.சி.ஆர். பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்தில் இதற்கான ரத்த மாதிரியை இலவசமாக எடுத்து அனுப்புவார்கள். ஆறு வாரம், ஆறு மாதம், 12 மாதம் எனப் படிப்படியாகப் பார்த்து, 18 மாதம் முடிந்து, தாய்ப்பாலும் நின்ற பிறகே இறுதி முடிவைச் சொல்வார்கள். முந்தைய பரிசோதனைகள் விடுபட்டிருந்தால் இந்த வாரமே செல்லுங்கள். ஏனெனில் தொற்று உண்மையாகவே இருந்து சிகிச்சை கிடைக்காமல் போனால், அத்தகைய குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேர் இரண்டு வயதைக் கடப்பதில்லை. வைரஸைக் கட்டுப்படுத்தும் பல மருந்துகள் சேர்ந்த கூட்டு மருந்தை உடனே தொடங்கிய குழந்தைகளோ பள்ளிக்குச் சென்று, படித்து, வளர்ந்து ஆளாகிறார்கள்.

குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. பெரும்பாலும் தாயிடமிருந்தே வருகிறது: கருவில், பிரசவ நேரத்தில், தாய்ப்பாலில். எந்தச் சிகிச்சையும் இல்லையென்றால் இவ்வாறு பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம்; தாய்க்குக் கூட்டு மருந்தும், பிறந்த குழந்தைக்குச் சில வாரங்கள் தடுப்பு மருந்தும் கொடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். உங்கள் மருமகள் கர்ப்பத்திலிருந்தே மாத்திரை சாப்பிட்டு வந்திருப்பது பேரனுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு. எனவே தாய்ப்பாலை நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். அவர் ஒரு வேளையும் தவறாமல் மருந்து சாப்பிடுவதும், ரத்தத்தில் வைரஸ் அளவைப் பார்த்துக்கொள்வதும்தான் முக்கியம். எப்போது நிறுத்துவது என்பதை எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து வழங்கும் ஏ.ஆர்.டி. மைய மருத்துவர் சொல்வார்.

உங்கள் மகளின் குழந்தையோடு பேரன் தாராளமாக விளையாடட்டும். முத்தம், எச்சில், ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே தொட்டிலில் தூங்குவது, கொசுக்கடி ஆகிய எதனாலும் இது பரவாது. தொற்றுள்ள ரத்தத்தை ஏற்றுவதாலும், ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்குப் போடுவதாலும் பரவும்; ஆகவே மொட்டை போடும்போது புது பிளேடும், காது குத்தும்போது புது ஊசியும் கேட்டு வாங்குங்கள். இது எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும்.

இந்த விவரத்தை உங்கள் மகளிடம் சொல்வதா என்பதை மருமகளே முடிவு செய்யட்டும். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டமும் ஒருவருடைய தொற்று நிலையை வெளியிட அவருடைய சம்மதம் தேவை என்றே கூறுகிறது. உங்களுக்கு மேலும் சந்தேகம் எழுந்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பெயர் சொல்லாமலேயே கேட்கலாம்.