குரங்குக் காய்ச்சல் குரங்கு கடித்தால் வருமா?

வராது. பந்தலூர்ப் பக்கம் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள்; பெயர் செய்த குழப்பம். பரப்புவது உண்ணி. 1957-ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டுபிடித்த வைரஸ் இது, டெங்குவின் பங்காளி. 2015-ல் வயநாட்டில் பலரைப் படுக்கவைத்தது.

கடிப்பது பெரும்பாலும் குட்டி உண்ணி. கடுகைவிடச் சின்னது, சுள்ளி பொறுக்கிவிட்டு வந்து முழங்கால் மடிப்பில் பார்த்தால் மச்சம் மாதிரி ஒட்டியிருக்கும். டிசம்பர் முதல் மே வரை கவனம் தேவை. திடீர்க் காய்ச்சல், கடும் தலைவலி, உடம்புவலி. சிலருக்கு ரத்தக்கசிவும் உண்டு. காய்ச்சல் விட்டு, ஓரிரு வாரத்தில் திரும்பவும் வரலாம். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது. தனி மருந்து கிடையாது. டாக்டரிடம் போனால் காட்டுக்குப் போனதை முதலில் சொல்லுங்கள். அப்புறம், செத்த குரங்கைத் தொடாதீர்கள்: அதை விட்டிறங்கும் உண்ணி அடுத்த உடம்பைத் தேடும்.