அப்சார்ப்ஷன், அப்சார்பென்சி, அப்சார்பன்ஸ்: எதை எழுதுவது?

ஒரே வினையில் பிறந்து ஈறு மட்டும் மாறும் ஆங்கிலப் பெயர்ச்சொற்களில் எதை எங்கே எழுதுவது, அகராதியில் எல்லாம் ஒன்றுபோல்தானே இருக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள்.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி வேலை எனக்கு. பையர்களுக்கு, அதாவது சரக்கு வாங்குபவர்களுக்கு, கடிதம் எழுதியே காலம் போகிறது. நான் இலக்கணம் படித்தவன் அல்லன். திட்டு வாங்கிக் கற்றவன்.

ஒருமுறை துணி ஒன்றின் சோதனை அறிக்கையை அனுப்பினோம். எம்பிராய்டரி வளையத்தில் துணியை இறுக்கிப் பிடித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். முத்துப்போல் மின்னி நிற்கும் சொட்டு, பளபளப்பு இழந்து துணிக்குள் இறங்கும்வரை நொடி எண்ண வேண்டும். எங்கள் தம்பி ஒழுங்காக எண்ணிவிட்டு, ‘அப்சார்பன்ஸ் 4 நொடி’ என்று எழுதிவிட்டான். எந்தச் சாயக் கரைசலுக்கு என்று பையர் திருப்பிக் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. அப்சார்பன்ஸ் சாயப்பட்டறை ஆய்வகத்துச் சொல்: கரைசலுக்குள் ஒளியைச் செலுத்தி, மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்பதிலிருந்து கணக்கிடுவது. அதற்கு அலகே கிடையாது. நொடி எங்கிருந்து வரும்? துணி தண்ணீரை உறிஞ்சும் செயல் அப்சார்ப்ஷன். உறிஞ்சும் தன்மை அப்சார்பென்சி. நாங்கள் எழுதியிருக்க வேண்டியது கடைசிச் சொல்லை.

அன்று முதல் எழுதுமுன் ஒன்று பார்த்துக்கொள்கிறேன்: சொல்ல வருவது செயலா, தன்மையா, அளவா?

‘ஏஜ்’ என்று முடிவது எங்கள் தொழிலில் பெரும்பாலும் அளவு. துணியில் 50 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, துவைத்துக் காயவைத்து அளக்கும்போது 48 செ.மீ. இருந்தால் ஷ்ரிங்கேஜ் 4 சதவீதம். தண்ணீரில் அது சுருங்கிக்கொண்டிருந்ததே, அது ஷ்ரிங்கிங். கட்டிங் மேசையில் விழும் துண்டுகள் வேஸ்ட். மூட்டை கட்டி எடை போட்டு விற்கலாம். வேஸ்டேஜை விற்க முடியாது, அது விலைக் கணக்கில் உட்கார்ந்திருக்கும் சதவீதம். (‘வேஸ்டேஜ் விற்ற பணம்’ என்று எழுதிய கணக்கரையும் பார்த்திருக்கிறேன்.)

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உள்ள வம்பு அல்ல. பேரனின் நடை சரியில்லை என்றால் எங்கள் அமுச்சி காலுக்கு எண்ணெய் தேய்ப்பார். நடத்தை சரியில்லை என்றால் சோறு கிடைக்காது. இரண்டும் ‘நட’ என்ற ஒரே வினையில் பிறந்தவைதாம்.

எல்லா ஜோடிக்கும் இப்படித் தெளிவான வேறுபாடு இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். கன்சிஸ்டென்ஸ், கன்சிஸ்டென்சி இரண்டுக்கும் நடுவே பொருள் தேடுவது வீண். இன்று எல்லாரும் எழுதுவது இரண்டாவதை, நானும் அதையே எழுதுகிறேன். காம்பிடென்ஸ், காம்பிடென்சி கொஞ்சம் வேறு. பொதுவான திறமைக்கு முதலாவது போதும். ஆள் எடுக்கும்போது திறன்களைத் தனித்தனியாக எண்ணிப் பட்டியல் போடுகிறார்களே, அங்கே இரண்டாவதுதான் வரும்.