நியூட்டன் பிறந்தது டிசம்பர் 25-ஆ, ஜனவரி 4-ஆ?

கேள்வி: என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். பிறந்த நாள் ஜனவரி 4. ‘வரலாற்றில் இன்று’ வாசிக்கும் முறை அன்று அவளுக்கு வந்தது. “ஐசக் நியூட்டன் பிறந்ததும் என் பிறந்த நாளில்தான்” என்று ஆசையாக எழுதிக்கொண்டு போனாள். நியூட்டன் பிறந்தது டிசம்பர் 25 என்று சொல்லி ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. தேடிப் பார்த்தால் இரண்டு தேதியும் வருகிறது. எது சரி? இந்தத் தேதிக்கு ஓர் அட்டை செய்ய ஆசைப்படுகிறாள். அதில் எதையெல்லாம் நம்பி எழுதலாம்?

பதில்: உங்கள் மகள் எழுதியது சரி. ஆசிரியர் சொன்ன தேதியும் சரி. சிவப்பு மைதான் தேவையில்லாதது. இதை அவளிடம் முதலில் சொல்லிவிடுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

நியூட்டன் பிறந்த அன்று இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ், 1642 டிசம்பர் 25. அதே பொழுதில் கடலுக்கு அந்தப் பக்கம் பிரான்சில் 1643 ஜனவரி 4. நாள் ஒன்றுதான், பெயர் இரண்டு. ஜூலியஸ் சீசர் காலத்திலிருந்து வந்த பழைய காலண்டர், உண்மையான ஆண்டைவிடச் சுமார் 11 நிமிடம் நீளம். பதினொரு நிமிடத்தை யார் கவனிப்பார்கள்? ஆனால் நூற்றாண்டு நூற்றாண்டாகச் சேர்ந்து அது நாள் கணக்காகிவிட்டது. 1582-ல் போப் 13-ஆம் கிரிகோரி அதைச் சரிசெய்தார். அந்த ஆண்டு அக்டோபர் 4 வியாழக்கிழமை, மறுநாள் அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை. இத்தாலியும் ஸ்பெயினும் உடனே மாறின. இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை. 1727-ல் இறந்த நியூட்டன் பிறந்தது முதல் கடைசி வரை அந்த நாட்டில் பழைய காலண்டரில்தான் வாழ்ந்தார்.

அவர் பிறந்தபோது இரண்டு காலண்டருக்கும் வித்தியாசம் 10 நாள். மகளை விரல் விட்டு எண்ணச் சொல்லுங்கள். டிசம்பர் 26 முதல் 31 வரை ஆறு, ஜனவரி 1 முதல் 4 வரை நான்கு. பத்து விரலும் முடியும் இடத்தில் அவள் பிறந்த நாள் வந்து நிற்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த குழந்தைக்கு இனி யார் அடித்தாலும் அழுகை வராது.

எனக்கு வருத்தம் ஆசிரியர் மீது இல்லை. தேதி என்றால் விடைக்குறிப்பில் ஒரே வரிதான் இருக்க வேண்டும் என்று பழக்கி வைத்திருக்கும் முறையின் மீதுதான். காரணத்தோடு பதில் சொல்லும் குழந்தைக்கு அதில் இடமே இல்லை. ‘பத்து நிகழ்வு எழுதி வா’ என்கிறார்கள். ஒன்றை ஒழுங்காகத் தெரிந்துகொண்டு வா என்று ஒருவரும் சொல்வதில்லை. பத்து வேண்டுமென்றால் குழந்தை எங்கே போகும்? பார்த்து எழுதத்தான் செய்யும்.

பார்த்து எழுதுவது எதிலிருந்து என்பதுதான் என் பெரிய கவலை. சிறுவர் இதழ்களுக்குத் தேதி சரிபார்ப்பது என் வேலை. வாரம் தவறாமல் ஒரு ‘ரெடிமேட்’ தொகுப்பு என் மேசைக்கு வருகிறது. பிறந்த தேதியைக் கொடுத்தால் பூ வேலைப்பாடு போட்ட சட்டத்துக்குள் ‘உங்கள் நாளில் பிறந்த மேதைகள்’ என்று அச்சடித்துத் தருகிறார்கள். ஒருவர் போட்டதை இன்னொருவர் எடுத்து, பிழையோடு சேர்த்து விற்கிறார். இப்படி ஒரு தொகுப்பில் நியூட்டன் டிசம்பர் பக்கத்திலும் இருந்தார், ஜனவரி பக்கத்திலும் இருந்தார், எந்தப் பக்கத்திலும் ஒரு சொல் விளக்கம் இல்லை. வாங்குவதற்கு முன் நியூட்டனை மட்டும் தேடிப் பாருங்கள். இரண்டு இடத்திலும் விளக்கமில்லாமல் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

‘கலிலியோ இறந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார்’ என்ற வரியும் இந்தத் தொகுப்புகளில் தவறாமல் இருக்கும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கலிலியோ இறந்த 1642 ஜனவரி 8 இத்தாலியின் புதிய காலண்டர் தேதி. நியூட்டன் பிறந்த 1642 டிசம்பர் 25 இங்கிலாந்தின் பழைய காலண்டர் தேதி. இரண்டையும் புதியதில் வைத்தால் 1642, 1643. பழையதில் வைத்தால் 1641, 1642. எப்படி வைத்தாலும் ஒரே ஆண்டு வராது. ஒரு கை மீட்டரிலும் மறு கை முழத்திலும் அளந்து, இரண்டும் சமம் என்று சொன்ன கதை இது.

இவர்களைவிட மோசமானவர்கள், தேதியை வைத்துக் குழந்தையின் குணத்தைச் சொல்கிறவர்கள். ‘இந்த நாளில் பிறந்தவர் விஞ்ஞானி ஆவார்’ என்று அச்சடித்த தாளைத் தயவுசெய்து அவள் கையில் கொடுக்காதீர்கள். உலக மக்கள்தொகையை 365-ஆல் வகுத்தால் ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு கோடிப் பேருக்கு மேல் வருகிறார்கள். அவள் வகுப்பிலேயே 23 பேர் இருந்தால் போதும், அவர்களில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்த நாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். இதை வகுப்பில் கேட்டே பார்க்கலாம், குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

சரி, அட்டைக்கு என்ன விதி? நிகழ்ச்சி எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊரின் அன்றைய தேதியை எழுதுங்கள். பழைய காலண்டர் என்றால் இன்றைய தேதியைப் பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். இந்த விதி ஓரிடத்தில் மட்டும் உதவாது, அதுவும் உங்கள் மகளின் தேதியிலேயே வருகிறது. ஸ்பிரிட் என்ற ஊர்தி செவ்வாய்க் கோளில் இறங்கியது உலகப் பொது நேரப்படி 2004 ஜனவரி 4 அதிகாலை 4.35-க்கு. அதைக் கலிபோர்னியாவில் கண்காணித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அப்போது ஜனவரி 3 இரவு 8.35. செவ்வாயில் நம் ஜனவரியே கிடையாது. அப்படியானால் ‘நடந்த ஊர்த் தேதி’ எது? அதனால் விண்வெளி நிகழ்ச்சிகளுக்கு மட்டும் உலகப் பொது நேரத்தை எடுத்துக்கொண்டு, அட்டையின் ஓரத்தில் அப்படி ஒரு வரி எழுதிவிடுங்கள். ஜனவரி 3 என்று யாராவது சொன்னால் சண்டை வேண்டாம், அவர் கலிபோர்னியாக் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

இதே தேதியில் இன்னும் இருக்கின்றன. முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் 1, காற்று மண்டலத்தில் விழுந்து எரிந்தது 1958 ஜனவரி 4. சரியாக ஓராண்டு கழித்து, 1959 ஜனவரி 4 அன்று, லூனா 1 நிலவில் மோதப் போய்க் குறி தவறி, சுமார் 6,000 கிலோமீட்டர் தள்ளிக் கடந்தது. நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவர் யாக்கோப் பிறந்தது 1785-ல் இதே நாள். பர்மா 1948-ல் விடுதலை பெற்றதும் இந்த நாளில்தான். ஆனால் அது தற்செயல் இல்லை. ஜோதிடர்கள் குறித்துக் கொடுத்த நேரம், அதிகாலை 4.20. மனிதர்கள் தேர்ந்தெடுத்த தேதி வேறு, தானாக வந்து பொருந்திய தேதி வேறு. அட்டையில் இரண்டையும் இரண்டு நிறத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பத்து நிகழ்வு வேண்டாம், மூன்று போதும். அதில் ஒன்று லூயி பிரெயிலாக இருக்கட்டும். 1809 ஜனவரி 4-ல் பிரான்சில் பிறந்தவர். அப்பாவுக்குத் தோல் வேலை. மூன்று வயதில், பட்டறையில் தோல் குத்தும் ஊசியோடு விளையாடி ஒரு கண்ணில் காயம். புண் மற்றக் கண்ணுக்கும் பரவி, இரண்டு பார்வையும் போயிற்று. பதினைந்தாம் வயதில், விரலால் தடவிப் படிக்கும் ஆறு புள்ளி எழுத்தை உருவாக்கினார். அதன் புள்ளிகளைத் தாளில் குத்தி எழுப்புவதும் ஒரு சிறு ஊசிதான்.

அட்டையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள். தமிழ் பிரெயிலில் ‘அ’ எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி, ஆறு புள்ளிக் கட்டத்தில் இடது மேல் மூலை. புள்ளி முன்பக்கம் புடைத்து வர வேண்டும் என்பதால் அட்டையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் வலது மேல் மூலையில் மழுங்கிய ஊசியால் மெல்ல அழுத்த வேண்டும். ஓட்டை விழக் கூடாது. பக்கத்தில் இருந்து நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், அவள் அழுத்தட்டும். பிறகு அட்டையைத் திருப்பி, கண்ணை மூடித் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.