வாசகர் கேள்வி – பதில்: பி.சி.ஏ., விஸ்காம், பொருளாதாரம்

மகள் பிளஸ் டூவில் கணினி அறிவியல் குரூப் படித்தாள், 68 சதவீதம். பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., கம்ப்யூட்டர் டெக்னாலஜி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் சேர்ப்பது?
– வாசகி, குடியாத்தம்

பெயர் நாலு என்றாலும் உள்ளே பெரும்பகுதி ஒன்றுதான். சி அல்லது பைத்தான், டேட்டா ஸ்ட்ரக்சர், டி.பி.எம்.எஸ். (தரவுத்தள மேலாண்மை), ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், ஜாவா ஆகியவை எதில் சேர்ந்தாலும் ஏதோ ஒரு செமஸ்டரில் வந்துவிடும். வித்தியாசம் அலைடு பேப்பரில், அதாவது முதன்மைப் பாடத்தோடு சேர்த்துப் படிக்கும் துணைப்பாடத்தில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸில் பெரும்பாலும் கணிதமோ புள்ளியியலோ இயற்பியலோ வரும். பி.சி.ஏ.வில் கணக்கியல், நிர்வாகம் பக்கம் சாய்வார்கள். கம்ப்யூட்டர் டெக்னாலஜி என்றால் டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ், ஹார்டுவேர், நெட்வொர்க் கொஞ்சம் கூடுதல். ஆனால் இது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். வேலூர் வட்டாரக் கலைக் கல்லூரிகள் சேர்க்காட்டிலுள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அவற்றில் தன்னாட்சி பெற்றவை பாடத்திட்டத்தைத் தாங்களே வகுக்கின்றன. அதனால் ஆறு செமஸ்டர் பாடத்திட்டத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அலைடு பேப்பரைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். எம்.சி.ஏ. இப்போது இரண்டு ஆண்டுப் படிப்பு. பி.சி.ஏ. அல்லாத பட்டதாரிகளிடம் பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்தீர்களா என்று கேட்பார்கள். உங்கள் மகளின் குரூப்பில் கணிதம் இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் கணிதம் அலைடாக உள்ள படிப்பே நல்லது.

அடுத்து, லேபை நேரில் பாருங்கள். எத்தனை கம்ப்யூட்டர் என்பதைவிட, சி மொழியை எதில் எழுத வைக்கிறார்கள் என்று கேளுங்கள். 'டர்போ சி' என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து மென்பொருள். முதல் செமஸ்டரில் எல்லாரும் எழுதும் ஃபேக்டோரியல் ப்ரோக்ராமையே எடுத்துக்கொள்ளுங்கள்; 1 முதல் கொடுத்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்கிச் சொல்வது அது. அதில் 7 கொடுத்தால் 5040 என்று சரியாக வரும். 8 கொடுத்தால் 40320 வருவதற்குப் பதிலாக -25216 என்று வரும். டர்போ சியில் முழு எண்ணை வைக்கும் 'இன்ட்' என்ற இடம் இரண்டே பைட். 32767க்கு மேல் அதில் இடமில்லை. ஜி.சி.சி. போன்ற இன்றைய கம்பைலரில் (எழுதிய ப்ரோக்ராமைக் கணினி மொழிக்கு மாற்றும் மென்பொருள்) நாலு பைட் என்பதால் 12 வரை தாங்கும். 13 கொடுத்தால் அதுவும் 1932053504 என்று தப்பாகச் சொல்லும். ஏன் அப்படி வருகிறது என்று விளக்கத் தெரிந்த மாணவி முதல் ஆண்டிலேயே பாதிக் கிணறு தாண்டியவள். ரெக்கார்டு நோட்டைப் பார்த்து மனப்பாடம் செய்பவர்கள், நினைவக முகவரியைக் கையாளும் பாயிண்டர் பாடம் வரும்போது தடுமாறி அரியர் வைக்கிறார்கள். ப்ரோக்ராம் ஓடியதோடு விடாமல், எந்த எண் கொடுத்தால் உடைகிறது என்று தினமும் ஒன்றைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

லேப்டாப்புக்கு 8 ஜிபி ரேம், எஸ்.எஸ்.டி. டிஸ்க் இருந்தால் மூன்று ஆண்டுக்கும் போதும். அதற்கு மேல் கடன் வாங்க வேண்டாம்.

காமர்ஸ் குரூப் முடித்தேன். ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் பகுதிநேரமாக டிசைன் செய்கிறேன். கோரல் டிரா தெரியும். ஆறு மாத டிப்ளமோ போதுமா, விஸ்காம் சேர வேண்டுமா?
– வாசகர், ஆம்பூர்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பி.எஸ்சி. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) முழுக்க கிராபிக் டிசைன் படிப்பு அல்ல. போட்டோகிராபி, விளம்பரம், வீடியோ எடிட்டிங், ஊடகக் கோட்பாடு, ஓவியம் எல்லாம் கலந்தது. டிசைனுக்குச் சில பேப்பர்தான். டிசைன் மட்டுமே படிக்க விரும்பினால் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியின் நாலாண்டு பி.எஃப்.ஏ. (கவின் கலைப் பட்டம்) இருக்கிறது. 1850இல் தொடங்கிய கல்லூரி அது; காட்சித் தொடர்பு வடிவமைப்பு அங்கே தனிப் பிரிவு. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் நுழைவுத் தேர்வை எந்தக் குரூப் படித்தவரும் எழுதலாம். காமர்ஸ் என்பது தடையே இல்லை.

ஆறு மாத டிப்ளமோ மென்பொருளைச் சொல்லித்தரும். அது உங்களுக்கு ஏற்கெனவே பாதி தெரியும். அதற்குக் கட்டும் பணத்தை மிச்சம் பிடித்து, அச்சுக்கு அனுப்பும் வேலையைப் பிழையில்லாமல் கற்றுக்கொள்வது மேல். கடையில் அடிக்கடி நேரும் தவறுகளைச் சொல்கிறோம்.

10க்கு 8 அடி ஃப்ளெக்ஸை 300 டி.பி.ஐ.யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில், திறந்தால் 36000க்கு 28800 பிக்சல்; கம்ப்யூட்டர் திணறிவிடும். தூரத்திலிருந்து பார்ப்பதற்கு 72 டி.பி.ஐ. போதும், அதாவது 8640க்கு 6912. கல்யாணப் பத்திரிகை கையில் வைத்துப் படிப்பது, அதற்கு 300 வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த 1600 பிக்சல் போட்டோவை 300 டி.பி.ஐ.யில் அச்சடித்தால் ஐந்தேகால் அங்குலம்தான் தெளிவாக நிற்கும். வாடிக்கையாளரிடம் போட்டோவை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொன்னால் அளவு குறையாமல் வரும்.

ஆஃப்செட் அச்சுக்குப் போகும் ஃபைலில் நிறம் சி.எம்.ஒய்.கே.யில், அதாவது அச்சு மையின் நாலு நிறமுறையில் இருக்க வேண்டும். திரையின் நிறமுறையான ஆர்.ஜி.பி.யில் பளிச்சிடும் நீலமும் பச்சையும் தாளில் மங்கிவிடும். திரையைக் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டு அப்புறம் சண்டை வருவது இதனால்தான். நாலு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியே நீளும் கூடுதல் ஓரம்) விடுங்கள். சின்ன எழுத்துக்குக் கறுப்பு மை 100 சதவீதம் மட்டும் கொடுங்கள். நாலு நிறமும் சேர்த்த கறுப்பு என்றால் பிளேட் இம்மி விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும்.

தமிழ் எழுத்து தனிச் சங்கதி. பாமினி போன்ற பழைய ஃபாண்டில் செய்த ஃபைலை அந்த ஃபாண்ட் இல்லாத அச்சகத்தில் திறந்தால் தமிழ் போய் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கோரலில் 'கன்வெர்ட் டு கர்வ்ஸ்' செய்து, அதாவது எழுத்தைப் படமாக மாற்றி அனுப்புங்கள், ஆனால் திருத்தக்கூடிய ஒரு பிரதியைத் தனியாகச் சேமித்த பிறகு. எல்லாக் கணினியும் புரிந்துகொள்ளும் பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாறினால் இன்னொரு சிக்கல்: போட்டோஷாப்பிலோ இன்டிசைனிலோ 'கொடி' என்று தட்டினால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து இடம் மாறி நிற்கும். ஃபாண்ட் கெட்டுவிட்டதென்று புதிதாக இறக்கிப் பயனில்லை. போட்டோஷாப்பில் ப்ரெஃபரன்ஸ், டைப் பக்கத்தில் 'வேர்ல்ட் ரெடி லேஅவுட்' தேர்ந்தெடுத்துப் புது ஃபைல் திறங்கள். இன்டிசைனில் பாராகிராப் பேனலின் மெனுவில் 'வேர்ல்ட் ரெடி பாராகிராப் கம்போசர்' என்று மாற்றினால் எழுத்து சேர்ந்துகொள்ளும்.

பட்டப்படிப்பு வேண்டுமா என்றால், வேண்டும். கடை வேலையை விடாமல் படிக்க முடிந்தால் இன்னும் நல்லது. உங்கள் வேலைகளில் சிறந்த பத்துப் பன்னிரண்டை முதல் கிறுக்கலோடு சேர்த்துத் தொகுத்து வையுங்கள். நேர்காணலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

மகன் பி.ஏ. பொருளாதாரம் கேட்கிறான். "பி.ஏ.வா?" என்று உறவுக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழி. என்ன செய்யலாம்?
– வாசகர், ஆற்காடு

தாராளமாகச் சேருங்கள். ஆனால் இது கட்டுரை எழுதித் தேறும் படிப்பு என்று எண்ணிச் சேர வேண்டாம். நுண்ணினப் பொருளியலில் முதல் பாடத்திலேயே வரைபடமும் சாய்வும் வந்துவிடும். பிறகு புள்ளியியல். முன்னணி நிறுவனங்களில் எம்.ஏ. சேர வகைநுண்கணிதமும் அணிகளும் தெரிந்திருக்க வேண்டும். பலர் மூன்றாம் ஆண்டில் இதை உணர்ந்து தவிக்கிறார்கள். முதல் ஆண்டிலேயே பிளஸ் டூ கணிதப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எக்செல்லில் சராசரி, திட்டவிலக்கம், ஒட்டுறவு போட்டுப் பழகட்டும். மத்திய அரசின் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கு முதுகலைப் பட்டம் தேவை என்பதையும் இப்போதே மனதில் வையுங்கள்.

உங்கள் ஊர்ப் பையனுக்குப் பாடப்புத்தகத்தைவிட நல்ல உதாரணம் வீட்டருகிலேயே ஓடுகிறது. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறும் கிணறும் கெட்டன. தோலை வாங்கியவர் கொடுத்த விலையில் அந்த நஷ்டம் சேரவில்லை. இதைத்தான் புறவிளைவு என்கிறார்கள். 1996 ஆகஸ்ட் 28இல், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வட ஆற்காடு உள்ளிட்ட ஐந்து மாவட்டத் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அந்தத் தொகை நஷ்டத்துக்கு ஈடா, இல்லையென்றால் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாலே ஒரு செமஸ்டர் புரிந்துவிடும்.

தமிழ் வழி பற்றி ஒரு எச்சரிக்கை. டி.என்.பி.எஸ்.சி.யில் தமிழ் வழியில் படித்தோருக்கான 20 சதவீத ஒதுக்கீடு, பட்டப்படிப்புத் தகுதியுள்ள பதவிக்கு ஒன்றாம் வகுப்பு முதல் பட்டம் வரை தமிழ் வழியில் படித்தவருக்கே. பட்டத்தை ஆங்கில வழியில் எடுத்தால் குரூப் 1, குரூப் 2 பட்டப்படிப்புப் பதவிகளில் அந்தச் சலுகை போய்விடும். அரசு வேலைதான் இலக்கு என்றால் தமிழ் வழிப் பிரிவு உள்ள கல்லூரியைத் தேடுங்கள். தொடக்கப் பள்ளியிலிருந்தே தமிழ் வழிச் சான்றுகளை இப்போதே வாங்கி வையுங்கள். பள்ளி மூடப்பட்டபின் அலைச்சல் அதிகம்.

பொருளாதாரம் படித்துக்கொண்டே தபால் வழியில் பி.சி.ஏ. படிக்கலாமா?
– வாசகி, அணைக்கட்டு

படிக்கலாம். ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2022இல் அனுமதித்தது. ஒன்று நேரடி, இன்னொன்று தொலைநிலை என்றால் சிக்கலில்லை. ஆனால் அந்தத் தொலைநிலைப் படிப்புக்கு, நீங்கள் சேரும் ஆண்டில் யு.ஜி.சி. அங்கீகாரம் உள்ளதா என்று பாருங்கள். இரண்டு பல்கலைக்கழகத் தேர்வும் ஒரே நாளில் விழுந்தால் யாரும் தேதியை மாற்றித் தரமாட்டார்கள். கடந்த ஆண்டுத் தேர்வு அட்டவணை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சேர்க்கையின்போது ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரியிலேயே வைத்துக்கொள்வார்களாமே?
– வாசகர், ராணிப்பேட்டை

சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பதே யு.ஜி.சி. விதி. டி.சி.யை மட்டும் ஒப்படைப்பீர்கள். கொடுக்கும் முன் அதையும் பத்து ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் ஸ்கேன் செய்து வையுங்கள்.