'பை-ராட்ஸ் 4' வந்தால் பயாப்ஸி செய்தே ஆக வேண்டுமா?

கேள்வி: என் வயது 66. இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறேன். ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வரும் புரதம்) 7.2 என்று வந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் புராஸ்டேட் 36 மி.லி., 'பை-ராட்ஸ் 4', அதாவது புற்று சந்தேகத்துக்கு ஐந்துக்கு நாலு என்று ரிப்போர்ட். டாக்டர் ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி செய்யச் சொல்கிறார். ஸ்கேனைப் பார்த்துக் கம்ப்யூட்டரே புற்றுநோயா இல்லையா என்று சொல்லிவிடுமாம், ஊசி எதற்கு என்கிறான் மகன். குத்தினால் பரவிவிடும் என்று மனைவி பயப்படுகிறாள். என்ன செய்யட்டும்?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: பயாப்ஸி செய்துகொள்ளுங்கள். புராஸ்டேட்டில் ஊசி பட்டுப் புற்று பரவுவது மிக மிக அரிது. அதற்காகத் தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து அதிகம். இதை உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்.

மகன் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. முன்பெல்லாம் பி.எஸ்.ஏ. கூடினால் நேராகப் பயாப்ஸிதான். அல்ட்ராசவுண்டில் சுரப்பியின் உருவம் தெரியும், கட்டி பெரும்பாலும் தெரியாது. அதனால் பத்துப் பன்னிரண்டு இடங்களில் குத்துமதிப்பாகத் திசு எடுப்போம். 2017-இல் வெளியான பிரிட்டனின் 'புரோமிஸ்' ஆய்வு 576 ஆண்களிடம் இதைச் சோதித்தது. சிகிச்சை தேவைப்படும் அளவுக்குத் தீவிரமான புற்று 100 பேருக்கு இருந்தால், அந்தப் பழைய முறை 48 பேரிடம்தான் கண்டுபிடித்தது. எம்.ஆர்.ஐ. 93 பேரைக் காட்டியது. ஊசிக்கு முன் ஸ்கேன் என்ற வழக்கம் பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, ஸ்கேன் எதைப் பார்க்கிறது? நல்ல திசுவில் தண்ணீர் மூலக்கூறுகள் தாராளமாக நகரும். புற்றுச் செல்கள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் தண்ணீரால் அப்படி நகர முடியாது. அந்த நெருக்கடியைத்தான் படம் காட்டுகிறது. ஆனால் பழைய அழற்சியும் அதே மாதிரி தெரியும். அதனால்தான் ஸ்கேனைப் படிக்கும் ரேடியாலஜிஸ்ட் 'புற்று' என்று எழுதாமல் 1 முதல் 5 வரை 'பை-ராட்ஸ்' என்ற சந்தேக மதிப்பெண் போடுகிறார். 2018-இல் வந்த 'பிரிசிஷன்' ஆய்வில் 4 வாங்கியவர்களில் 60 சதவீதம் பேருக்குத் தீவிரமான புற்று இருந்தது. மீதி 40 சதவீதத்தில் நீங்கள் இருக்கிறீர்களா என்பதைப் படம் சொல்லாது.

கம்ப்யூட்டருக்கும் இதே எல்லைதான். நெதர்லாந்தை மையமாகக் கொண்டு நடந்து 2024-இல் வெளியான 'பை-காய்' ஆய்வில், ஏ.ஐ. 20 நாடுகளைச் சேர்ந்த 62 ரேடியாலஜிஸ்ட்களோடு 400 ஸ்கேன்களில் போட்டியிட்டு முந்தியது. அவர்கள் பிடித்த அளவு புற்றையே பிடித்தும், வீண் சந்தேகங்களைப் பாதியாகக் குறைத்தது. அசாத்தியமான விஷயம்தான். ஆனால் அந்தப் படங்கள் நெதர்லாந்து, நார்வே மருத்துவமனைகளில் எடுத்தவை. ஸ்கேனின்போது குடலில் வாயு இருந்தாலோ நோயாளி அசைந்தாலோ படம் கெடும், கெட்ட படத்தை யார் படித்தாலும் சிரமம். அப்புறம், எது புற்று என்று அந்தக் கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததே பயாப்ஸி முடிவுகள்தான்!

உங்கள் பி.எஸ்.ஏ.யைச் சுரப்பியின் அளவால் வகுத்தால் 0.20 வருகிறது. 0.15-ஐத் தாண்டினால் நாங்கள் கவனமாகப் பார்ப்போம். ஸ்கேனும் இந்தக் கணக்கும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டுடாஸ்டிரைடு மாதிரி மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்டு வந்தால் பி.எஸ்.ஏ. பாதியாகத் தெரியும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இரவில் எழுந்திருப்பதற்குப் புற்று காரணமாக இருப்பது குறைவு. சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள்.

யூராலஜிஸ்டைப் பார்க்கப் போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்கள் உள்ள சி.டி.யையும் கொண்டுபோங்கள். சந்தேகப்பட்ட இடத்தைக் குறிவைத்துத் திசு எடுப்பாரா என்று கேளுங்கள். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள தோல் வழியாகச் செய்ய வசதி இருந்தால் கிருமித்தொற்று பயம் குறைவு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். முடிவில் வீரியம் குறைந்த புற்று என்று வந்தால் பலருக்கு ஆபரேஷனே தேவைப்படாது, பி.எஸ்.ஏ.யும் எம்.ஆர்.ஐ.யும், தேவைப்பட்டால் மறுபடி பயாப்ஸியும் எடுத்துக் கண்காணித்தாலே போதும்.

பயாப்ஸிக்குப் பின் சில நாட்கள் சிறுநீரிலும், சில வாரங்கள் விந்திலும் ரத்தம் கலந்து வரலாம், பயப்பட வேண்டாம். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் மட்டும் காலைவரை காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.